எல்லாத் தெருவிலும் அதே நீலக் கைலி

தாம்பரத்தில் இரும்புக்கடை வைத்திருந்த மைதீன் பிச்சையின் மகள் கைனாத்துக்கு, வீடியோ கேம் ஆடுவதற்குச் சம்பளம் கிடைத்தது. சேலையூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் அவள் டெஸ்டர். கேம் எங்கே உடைகிறது என்று ஆடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனாலேயே வெளியாட்களுக்கு ஆடிக் காட்டவும் அவளையே உட்கார வைப்பார்கள். உடையும் இடங்களை ஒதுக்கி ஓட்ட அவளுக்குத்தான் தெரியும்.

அது 2007. முதலாளி ஸ்ரீநிவாசராகவனின் கனவு, ஒரு முழு நகரம். தாம்பரத்தில் பைக்கை எடுத்தால் பள்ளிக்கரணை வரை எந்தச் சந்திலும் நுழையலாம். நுழையலாம், அவ்வளவுதான். அத்தனை இடத்தையும் நிரப்ப முடியாமல் ஒரே தெருவைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். எல்லாத் தெருவிலும் அதே நீலக் கைலி காய்ந்தது. மழையிலும் காய்ந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை.

"அந்தக் கைலி இன்னா, உங்க மாமாவோடதா? வுடேன்," என்றான், அவள் அதைக் குறை சொன்னதும், கேமுக்குப் படம் வரையும் அனிருத்.

"எங்க மாமாவோடதா இருந்தா மழைக்கு எடுத்து உள்ள போட்டிருப்பாரு."

வீட்டில் அக்கா மாஹிரா, ஒற்றை வீட்டுக்குள் நடக்கும் பழைய கேம் ஒன்றை இன்னும் விடாமல் ஆடினாள். படம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆனால் விளக்கை அணைத்தால் அந்த வீட்டு நாய் குரைக்கும்.

கைனாத் முதலாளியிடம் போனாள். "சார், முதல் நாள் வாயப் பொளப்பாங்க. அடுத்த வருஷமே வேற ஒருத்தன் இதவிடப் பெரிசா, பளபளன்னு விடுவான். அப்புறம் நம்மகிட்ட இந்தக் கைலிதான் மிஞ்சும்."

"சைஸ்தாம்மா விக்கும். நாளைக்கு கேமை வாங்கறவர் வரார். மெயின் ரோட்டுலயே ஓட்டு. பைக்கை விட்டு எறங்கினே, மறுநாள் ஆபீஸ் பக்கம் வராதே."

மறுநாள் திரையில் பைக் பறந்தது. "எவ்ளோ பெரிய ஊர்!" என்றார் வந்தவர். முதலாளி பூரித்தார். கோவிலம்பாக்கம் திருப்பத்தில் கைனாத் பிரேக் போட்டு இறங்கினாள். ஒரு தெரு நடந்தாள், கைலி. அடுத்த தெரு, கைலி. வந்தவர் முகத்தில் சிரிப்பு வற்றியது.

"கதவத் தட்டும்மா," என்றார் வந்தவர்.

"தெறக்காது சார். ஒரே ஒரு தெரு குடுங்க, தெறக்க வைக்கிறேன். அத எத்தன வருஷமானாலும் ஆடுவாங்க."

"எழுந்திரு. அனிருத், நீ ஓட்டு!" என்று கத்தினார் முதலாளி.

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள், திரையில் பைக் தார்ரோட்டுக்குள் முழுசாக மூழ்கிவிட்டது. அனிருத் திருதிருவென்று விழித்தான்.

"கைனாத்! இதை எப்படி ஓட்டறது?" என்று அலறினார் முதலாளி.

"மெயின் ரோட்டுலயே ஓட்டுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.