பச்சைப் பொத்தான்

விவேக் நகரில் தண்ணீர் கேன் என்றால் நான்தான். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. தங்கவயலிலிருந்து வெறுங்கையோடு வந்து, வாடகை சைக்கிளில் கேன் கட்டி ஆரம்பித்தவன். இன்று என் பெயர் எழுதிய வண்டிகள் தெருத்தெருவாக ஓடுகின்றன. இந்தத் தொழிலுக்கு ஆப் செய்தது வெளியாள் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் என் மகள்.

செய்து முடித்தும் வெளியே விடாமல் வைத்திருந்தாள். நானும் அவள் அம்மாவும்தான் தொட்டுப் பார்த்தோம். அதில் பெரிதாக ஒரு பச்சைப் பொத்தான், நான் கேட்டு வாங்கியது. ஆர்டர் கொடுக்க அதை அழுத்தினால் என் போன் அடிக்கும். நாலு வார்த்தை பேசாமல் நான் யாருக்கும் கேன் அனுப்பியதில்லை. எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்டால்தான் ஆள் மனதில் நிற்பான். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பேன். அந்தப் பேச்சால்தான் இந்த ஏரியாவையே பிடித்தேன்.

"இன்னும் ஏம்மா பூட்டி வெச்சிருக்க? ஜனங்க கையில குடு."

"விட்டா திட்டுவாங்கப்பா."

"என்னையா? இந்த ஏரியால எவன் திட்டுவான்?"

விட்டாள். விடச் சொன்னதே நான்தான்.

புகார்கள் வந்து குவிந்தன. எழுத்து சின்னதாக இருக்கிறது என்று யாரோ எழுதினார்கள். அன்று மாலையே பெரிதாக்கினாள். அதையே அவள் அம்மா சொன்னபோது, "கண்ணாடி போட்டுக்கோம்மா" என்றவள். கன்னடம் கேட்டார்கள், சேர்த்தாள். எனக்குக் காரணம் புரிந்தது. பிடிக்காவிட்டாலும் நாங்கள் எங்கே போய்விடப் போகிறோம்? வெளியாள் சத்தமில்லாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவான். அந்த பயம் வந்தால்தான் செய்கிறவனுக்குக் கண் திறக்கும். என் பிழைப்பும் அந்த பயத்தில் வளர்ந்ததுதான். அதனால் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒருநாள் காலையிலிருந்து என் போன் அடிக்கவே இல்லை. ஆனால் வண்டிகள் நிறையக் கேன் ஏற்றிக்கொண்டு கிளம்பின. டவர் இல்லையோ என்று மனைவி போனிலிருந்து அடித்துப் பார்த்தேன், மணி அடித்தது. ஆப்பைத் திறந்தேன். பச்சைப் பொத்தானைக் காணோம். அந்த இடத்தில் எத்தனை கேன் என்று தட்டிவிட ஒரு கட்டம்தான் இருந்தது.

மகளிடம் கேட்டேன்.

"பிஜி ஹாஸ்டல் பொண்ணுங்கல்லாம் எழுதியிருந்தாங்கப்பா. தண்ணி கேட்டா ஒரு தாத்தா ஊரு, குடும்பம்னு கதை கேக்கறாராம். ஒருத்திகிட்ட கல்யாணம் ஆச்சான்னு வேற கேட்டியாமே?"

"அக்கறையா கேட்டேன்மா."

"அவங்களுக்குத் தண்ணி வந்தா போதும்ப்பா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா எடுக்க விட்டிருப்பியா?"

முகம் தெரியாத பெண்கள் சொன்னதைக் கேட்டு, பெற்ற அப்பனை அவன் கடையிலிருந்தே எடுத்துவிட்டாள். அதையும் எனக்குத் தெரியாமல்.

அவள் உள்ளறைக்குப் போன பிறகு, ஆப்பில் புகார் எழுதும் இடத்தைத் தேடிப் பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்: "பச்சைப் பொத்தான் எங்கே?"

உடனே பதில் வந்தது: "அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கருத்துக்கு நன்றி."