லோகநாயகியின் படபடப்பு

லோகநாயகிக்குப் படபடப்பு வியாதி என்பது மேலகரத்தில் அவள் தெரு முழுக்கத் தெரிந்த செய்தி. மாதம் ஒருமுறை மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தென்காசியில் பஸ் ஏறுவாள். திருநெல்வேலியில் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். அதை அவள் மறைத்ததில்லை. "மயினி, நாளைக்கு என் கிறுக்குக்கு வைத்தியம். சாவி உங்ககிட்ட இருக்கட்டும்" என்று தெருவில் நின்றே சொல்லுவாள். மயினி என்பது அடுத்த வீட்டிலிருந்த கணவரின் அக்கா பேராச்சி. கணவர் ஞானசம்பந்தம் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

ஆகவே அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து, நெஞ்சை அடைக்குது, இடது கை கடுக்குது என்று லோகநாயகி சொன்னபோது யாரும் பதறவில்லை. பேராச்சி வந்து உள்ளங்காலைத் தேய்த்துவிட்டாள். "உனக்கு எப்பவும் வாரதுதானே லோகா. மாத்திரையைப் போட்டுட்டுப் படு."

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் வித்யாலட்சுமி போனில் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். "மூச்சை மெதுவா இழுத்து விடும்மா. சரியாயிரும்."

பிளஸ் டூ படிக்கும் மகன் முத்துகுமரன் எதுவும் பேசவில்லை. செருப்புப் போடாமல் வெளியே ஓடினான். தெரு முக்கில் நின்ற ஆட்டோவைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தினான்.

"ஏலே, எதுக்குலே ஆட்டோ? அவளுக்கு என்ன புதுசாவா வருது?" என்று பேராச்சி வைதாள். அவன் பதில் சொல்லாமல் தாயைக் கைத்தாங்கலாகத் தூக்கினான்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

வித்யா ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சோதிப்பவள். முள் காட்டுகிற அளவு உண்மைதானா என்று பார்ப்பது அவள் வேலை. ஊருக்கு வந்து சேர்ந்தவள் அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள், போன் பேசினாள், சாமான்களை ஒழுங்குபடுத்தினாள். தம்பி கொள்ளி வைத்துவிட்டு வந்தான்.

"செத்தவ மருந்து வீட்டுல கிடக்கக் கூடாதுட்டி. தலையணையோட சேத்துத் தள்ளிரு" என்றாள் பேராச்சி அத்தை. லோகநாயகியின் மாத்திரைகள் ஒரு பழைய முறுக்கு டப்பாவில் இருந்தன. மறுநாள் காலை குப்பை வண்டி வந்தபோது பாய், தலையணை, டப்பா மூன்றையும் வித்யாவே போட்டாள்.

அதற்குப் பிறகு தம்பி ஒரு மாதிரியானான். எழுந்தால் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்தான். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனான். வாசலில் பைக் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போட்டது. குளியலறைக்குள் போனால் வெளியே வர நேரமானது. துக்கம் என்றுதான் வித்யா நினைத்தாள். அத்தைக்கு வேறு கணக்கு.

"பயந்திருக்கான். கொள்ளி வச்ச பயல்லா. தலையில எண்ணெயை வச்சு ஐந்தருவில கொண்டு நிப்பாட்டுனா எல்லாம் இறங்கிரும். நாளைக்குக் காலைல நான் கூட்டிட்டுப் போறேன்."

அத்தையின் வைத்தியம் அது. லோகநாயகியையும் அப்படி நிறுத்தியிருக்கிறாள். போன சாரல் சமயத்தில், உச்சந்தலையில் எண்ணெய் வழிய, பெண்கள் பக்கத்தில் தண்ணீருக்கு அடியில் தள்ளிவிட்டாள். பல் கிடுகிடுக்க வெளியே வந்த லோகநாயகி, "மயினி, கிறுக்கு அப்படியே இருக்கு, சளிதான் புதுசா வந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தாளாம். அதை அத்தையே துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொல்லி அழுதாள்.

அன்று மத்தியானம் லோகநாயகியின் போன் அடித்தது. வித்யா எடுத்தாள்.

"லோகநாயகி அம்மாவா? நான் கவுன்சிலர் நிவேதா. இன்னைக்கு ஏன் வரலை?"

"நான் அவங்க மக. அம்மா தவறிட்டாங்க."

"ஐயோ." உடனே, "முத்துகுமரன் எப்படி இருக்கான்?" என்றாள் நிவேதா.

"இருக்கான். பேஷன்ட் அம்மாதானே. இனிமே நீங்க கூப்பிட வேண்டியதில்லை."

"போனை அவன்கிட்ட குடுங்க."

"என்ன விஷயம்னு என்கிட்ட சொல்லுங்க."

"உங்ககிட்ட சொல்ல முடியாதும்மா. அவன்கிட்ட குடுங்க."

முத்துகுமரன் போனை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். "ஆமா மிஸ்" என்றான். நிறைய நேரம் கேட்டான். "இல்ல மிஸ். அன்னையிலேருந்து போடல. மாத்திரை இல்ல. அக்கா குப்பை வண்டில போட்டுட்டா." பிறகு தாழ்ந்த குரலில், "அவளுக்குத் தெரியாதுல்லா" என்றான்.

வித்யா கழுவிய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எங்கே வைக்க வேண்டும் என்பது மறந்துவிட்டது.

அவன் போனை நீட்டினான். "உன்கிட்டயும் பேசட்டும்னு சொல்லிட்டேன்."

நிவேதா பதறாமல் பேசினாள். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றல், தூக்கமின்மை, திடுக்கிடல் எல்லாம் வரும். நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். நாளைக் காலையில் டாக்டரிடம் கூட்டி வாருங்கள். தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் உண்டா என்று அவனிடமே கேட்டுவிட்டேன், இல்லை என்றான். இருந்தாலும் தனியாக விடாதீர்கள். ராத்திரி எதுவானாலும் என்னைக் கூப்பிடுங்கள்.

வித்யா எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

"எத்தனை நாளா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"பத்தாவதுலேருந்து. கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பேரு வாரதுக்கு முன்னாலயே கை வேர்த்துரும். வாயத் திறந்தா சத்தம் வராது. காலைல ஸ்கூலுக்குக் கிளம்பும்போதே வாந்தி வரும். அம்மாதான் கண்டுபிடிச்சா."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நான்தான் வேண்டாம்னேன்." அவன் தரையைப் பார்த்தான். "முதல் தடவை போனப்பவே, அங்கன ஆஸ்பத்திரி வாசல்ல நம்ம சொக்காரங்க, பங்காளி ஒருத்தர் பாத்துட்டார். யாருக்கு உடம்பு சரியில்லைன்னு கேட்டார். எனக்கு உதறிட்டு. அம்மா பட்டுன்னு, எனக்குத்தான் அண்ணாச்சின்னுட்டா. ஊருக்கு வாரதுக்குள்ள அத்தைக்குப் போன் வந்துட்டு. அப்புறம் அப்படியே விட்டுட்டா. நிவேதா மிஸ் சத்தம் போட்டாங்க. இப்படி மறைச்சா இது ஏதோ கேவலம்னு அவனே நினைச்சிருவான்னாங்க. பன்னெண்டாவது முடியட்டும் மிஸ், அப்புறம் அவனே சொல்லுவான்னா அம்மா."

லோகநாயகி வீட்டில் கணக்கு டியூஷன் எடுத்தவள். ஒன்பதாவது, பத்தாவதுப் பிள்ளைகள் கூடம் நிறைய உட்கார்ந்திருப்பார்கள். கணக்குத் தப்பினால் தலையில் குட்டாமல், "இந்த விடையை உங்க அப்பாகிட்ட காட்டு, கடன் குறைஞ்சிட்டுன்னு சந்தோசப்படுவார்" என்று சொல்லுவாள். பெரிய சிரிப்பு. வைத்தியச் செய்தி பரவியதும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். அவள் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. "பஸ்ல டிக்கெட் எடுக்கக்கூட அவளுக்குத் தைரியம் கிடையாது. சின்னப் பயதான் எடுக்கான். இவ ஜன்னலைப் பாத்துட்டு இருக்கா" என்று தெருவில் ஒருத்தி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். வித்யாவின் காதுக்கும் அது எட்டியது. தெரியாத ஆளிடம் வாய் திறந்து ஒன்று கேட்பது தம்பிக்கு நிவேதா கொடுத்த பயிற்சி. முதலில் கடையில் விலை கேட்பது. பிறகு கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பது. தான் உதவிக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் லோகநாயகி ஜன்னலைப் பார்த்திருக்கிறாள்.

தினமும் போனில் வித்யா கேட்பாள், மாத்திரை போட்டாச்சா என்று. போட்டாச்சு என்பாள் லோகநாயகி. முள் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. மாட்டியிருந்தது வேறு குழாயில்.

அந்த நினைப்பு அங்கே நிற்கவில்லை. படபடப்பே இல்லாத ஒருத்திக்கு அன்று சாயங்காலம் வந்தது எப்படிப் படபடப்பாக இருக்க முடியும்? மூச்சை மெதுவா இழுத்து விடும்மா. வித்யா சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். டம்ளர் இன்னும் கையில் இருந்தது.

இதைத் தம்பி முன்னால் யாரும் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அவன் தாங்கமாட்டான். நாளைக்கு அவனை டாக்டரிடம் கொண்டு சேர்க்க வேண்டும், அது ஒன்றுதான் முக்கியம். அத்தை கேட்டால், உடம்பு சரியில்லாதது தனக்குத்தான் என்று சொல்லிவிடலாம். அம்மா சொன்ன பொய் பழகிய பொய். இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

காலையில் இருவரும் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, பேராச்சி அத்தை தோளில் துண்டும் கையில் எண்ணெய்க் கிண்ணமுமாக நின்றாள்.

"எங்கட்டி கிளம்புதிய? நான் இவனை அருவிக்குக் கூட்டிட்டுப் போகணும்லா."

"திருநெல்வேலிக்கு அத்தை. எனக்குத்தான் கொஞ்சம்..."

"உனக்கு என்னட்டி? உங்க அம்மா சீக்கு உனக்கும் ஒட்டிக்கிட்டா?"

முத்துகுமரன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நெற்றி வேர்த்தது. வித்யா அவன் கையைப் பிடித்து நடக்கச் சொல்லி இழுத்தாள். அவன் நகரவில்லை. மறுபடி வாயைத் திறந்தான்.

"எனக்குத்தான் அத்தை."

"என்னது?"

"டாக்டர்ட்ட போறது எனக்கு. இவ்வளவு நாளும் எனக்குத்தான். அம்மாக்கு ஒண்ணும் கிடையாது."

"உளறாதலே. அவளை நான் அருவில கொண்டு நிப்பாட்டுனேனே. பேசாமதானே நின்னா."

"ஆமா. எனக்காக நின்னா."

பேராச்சி வித்யாவைப் பார்த்தாள். வித்யா இல்லை என்று சொல்லவில்லை. தெருவில் பால்காரர் ஏதோ கேட்டுக்கொண்டே போனார். அத்தை முத்துகுமரன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ... அதனாலதானாலே அன்னைக்கு நீ ஆட்டோ கூட்டிட்டு வந்த?"

"ஆமா அத்தை. சொல்லத்தான் பாத்தேன். வரல. அதான் ஓடுனேன்."

பேராச்சி நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்தாள். கிண்ணம் சரிந்து எண்ணெய் வழிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. வித்யாவுக்கும் குனியத் தோன்றவில்லை.

முத்துகுமரன்தான் கிண்ணத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தான். "பஸ் போயிரும்க்கா" என்றான்.