இரட்டை எழுத்து ரூபாய்

நடுவட்டத்து டீ ஃபேக்டரி ஃபிட்டர் விஜயனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மெஷின் நின்றால் மெஷினைத் திட்டுவான், ஓடினால் ஓட்டுகிறவனைத் திட்டுவான். இந்த மனுஷன் பொறுமையாக உட்காருவது தேய்ந்த நிக்கல் காசுகளின் முன்னால் மட்டும்தான்.

ராஜா தலை போட்ட பழைய ரூபாயை லென்ஸ் வைத்துத் துழாவுவான். எதற்கா? காசு அடிக்கிற அச்சிலேயே எழுத்து இரண்டு தடவை பதிந்துவிட்டால், அதில் அடிக்கிற காசிலும் எழுத்து இரட்டையாக விழும். அது அபூர்வம்.

போன வருஷம் ஒன்று அகப்பட்டதென்று குன்னூர் காசுக் கண்காட்சிக்கு ஓடினான். அங்கே காசு பார்த்துச் சொல்கிற ஹெர்பர்ட் எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டார். "இது இரட்டை அச்சு இல்லீங்க. அடிக்கையில ஆடியிருக்கு, அவ்வளவுதான். ரெண்டாவது எழுத்து தட்டையாக் கெடக்கு பாருங்க. நெசமான இரட்டைன்னா ரெண்டும் மேடா நிக்கும், முனை பிளந்திருக்கும். போய் டீ குடிங்க."

அந்த ஆள் சொன்னது சரி. அதில்தான் விஜயனுக்கு வயிறெரிந்தது. "டீ ஃபேக்டரிக்காரன்கிட்ட டீ குடிக்கச் சொல்றான்யா!" என்று வருஷம் முழுக்கப் பல்லைக் கடித்தான்.

போன வாரம் கிடைத்தே விட்டது. ராஜா முகம் வழவழவென்று தேய்ந்திருந்தாலும், விளிம்போரத்து ஓர் எழுத்தின் அடிமூலையில், விரல் படாத பள்ளத்தில், இரண்டு மேடு, பிளந்த முனை. வீட்டில் காசு போடும் டப்பாவிலேயே அதையும் போட்டு வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கண்காட்சி. ஹெர்பர்ட் வாயால் 'ஆமாங்க' சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று கிடந்தான்.

சனிக்கிழமை காலை அக்கா மருதாம்பாள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். அவர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறக்கும் பிள்ளைக்கெல்லாம் இடுப்புக் கயிற்றில் ஓட்டைக் காசு கோத்துக் கட்டுவார்கள். ஓட்டை போடுகிறவன் விஜயன்தான்.

"பேரனுக்கு இன்னைக்குக் கயிறு கட்டறோம். காசுல பொட்டு வச்சிருக்கேன், அந்த எடத்துல ஓட்டை போட்டுக் குடுடா."

விஜயன் அப்போது மனசுக்குள் ஹெர்பர்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "தட்டையாம்ல தட்டை! நாளைக்கு இருக்குடா உனக்கு!" என்று வாய்விட்டே கறுவியபடி காசை வாங்கி வைஸில் மாட்டினான். ஒரு பார்வை பார்க்கவில்லை, பாவி. ட்ரில்லை இறக்கினான்.

துடைக்கும்போதுதான் கை நின்றது. லென்ஸை எடுத்தான். எழுத்து இருந்த இடத்தில் அக்காவின் சேலை தெரிந்தது.

"எங்கேருந்து எடுத்த இதை?"

"உன் டப்பாவுலதான். பிள்ளை இடுப்பக் கீறக் கூடாதேன்னு, நல்லாத் தேஞ்சதாப் பார்த்து எடுத்தேன்."

"நாசமாப் போச்சு! கேக்கணும்னு தோணலையா உனக்கு?" ஸ்பேனர் சுவரில் போய் மோதியது.

அக்காவுக்கும் அதே ரத்தம்தானே! "யாருகிட்டடா கத்துற? உன் கையிலதானே குடுத்தேன். கண்ணு எங்க போச்சு?"

ஊரையே திட்டிப் பழகிய வாய்க்கு, திட்ட மிஞ்சியது அவன் மட்டும்தான். அப்புறம் அரத்தை எடுத்து, ஓட்டையின் பிசிறைப் பல்லைக் கடித்துக்கொண்டு தேய் தேயென்று தேய்த்தான்.

"இந்தா, கட்டு. கீறாது" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.