சைக்கிள் நேர்த்தி

வாடகைச் சைக்கிளை நான் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் தள்ளிக்கொண்டு வந்த அன்றே அம்மா வீட்டில் மீன் சமைப்பதை நிறுத்திவிட்டார். சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, நசித்துக்கொண்டு ஏறச் சொன்னார். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து ஹேண்டிலில் கட்டினார். முன்வீட்டு அன்ரி படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, பென்ஸ் கார் வாங்கியிருக்கிற போல?"

"ஓம் அன்ரி. பெற்றோல் கேக்காத பென்ஸ்."

சிரித்தேனே தவிர உள்ளுக்குள் எரிச்சல்தான். அம்மாவிடம் நான் சொன்னது ஒன்று, அவர் விளங்கிக்கொண்டது வேறொன்று. எங்கள் ஒபிஸில் சிலரும் நோயாளர்களுக்கான சிறிய சங்கம் ஒன்றும் சேர்ந்து ஒரு சைக்கிள் ஓட்டம் ஒழுங்கு செய்திருந்தார்கள். வெள்ளவத்தையில் மரைன் டிரைவில் தொடங்கி, கொச்சிக்கடைப் பக்கமாக வந்து, களனிப் பாலம் கடந்து, வத்தளையும் தாண்டி நீர்கொழும்பு வரை போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஓடுகிறவர்களுக்காகத் தெரிந்தவர்கள் தருகிற பணம் என் அக்காவைப் போன்ற எம்.எஸ். நரம்பு நோயாளிகளின் மருந்துக்குப் போகும். இதில் அம்மாவின் காதில் விழுந்தது அக்காவின் நோய், நீண்ட தூரம், கால் நோவு என்பவை மட்டும்தான்.

"காலால உழக்கிப் போறதுதானே. காவடி எடுக்கிற மாதிரி," என்றார்.

"அம்மா, இது நேர்த்தி இல்லை. சல்லி சேர்க்கிறதுக்கு."

"நேர்த்தி இல்லாமல் ஒரு பொம்பிளைப் பிள்ளை அவ்வளவு தூரம் போவாளா?"

அதோடு கதை முடிந்தது. நான் நடுவழியில் இறங்காமல் ஓடி முடித்தால் அக்கா எழும்பி நடப்பாள் என்று அவர் நேர்த்தி வைத்துவிட்டார். யாரிடம் வைத்தார் என்று கேட்டால் முருகனிடமும் அந்தோனியாரிடமும் என்றார். நாங்கள் சைவ சமயம். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தாமல் அம்மாவுக்கு அந்த வாரம் தொடங்காது.

அக்காவுக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கெலரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். கிளினிக்கில் அந்தப் பெயரைச் சொன்னபோது பிழையில்லாமல் திருப்பிச் சொல்லத் தெரிந்தவள் எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். அந்த நேரத்திலும் அதில் எனக்கொரு பெருமை இருந்தது. அம்மா தன் பெயரை எழுதுவார்; அதற்குமேல் எழுத்து இல்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்து செத்துப்போன அப்பாவுக்கு அதுவும் வராது. அக்கா பாதியில் படிப்பை விட்டுவிட்டு வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடைக்கு வேலைக்குப் போனாள். கம்பஸ் போனவள், கழுத்தில் அட்டை தொங்க ஒபிஸுக்குப் போகிறவள் நான்தான். ஆகவே எல்லாவற்றையும் விளக்கும் வேலையும் என்னுடையது. வயரின் மேலுறை உரிந்துபோனால் கரண்ட் ஒழுங்காகப் போகாதுதானே, நரம்புக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது என்று அம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப டேப் சுத்த ஏலாதா?" என்று கேட்டார்.

கால் மரத்துப்போவதையும் கண்ணில் எல்லாம் இரட்டையாகத் தெரிவதையும் அம்மா நம்பினார். களைப்பைத்தான் நம்பவில்லை. நித்திரைவிட்டு எழும்பும்போதே ஒருத்திக்கு எப்படிக் களைக்கும்? பல் தீட்டினால் களைக்குமா? சோறு பிசைந்தால் களைக்குமா? "மனசு வைச்சா ஏலும்," என்பார். அதட்டலாக அல்ல, கெஞ்சலாக. அதுதான் கேட்கக் கூடுதல் கஷ்டமாக இருந்தது.

ஒவ்வொரு நேர்த்தி முடிந்ததும் அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இப்ப எப்பிடி? கொஞ்சம் லேசா இருக்கா?" அக்கா எழும்புவாள். கட்டிலிலிருந்து குசினி வரை சுவரைத் தொடாமல் நடந்து காட்டுவாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அயலட்டைக்கெல்லாம் சொல்லப் போய்விடுவார். அந்த நடைக்காக அக்கா அடுத்து வரும் நாட்களெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். அம்மா அதைப் பார்த்து, நேர்த்தியில் ஏதோ குறை வந்துவிட்டது என்று அடுத்ததை வைப்பார்.

ஓட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம் அக்கா கட்டிலில் சாய்ந்தபடி கோப்பையிலிருந்த பூசணிக்காய்க் கறியைச் சாப்பிடாமல் கிளறிக்கொண்டிருந்தாள். நான் ரீசேட்டில் என் இலக்கத்தை ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன்.

"உன்ர புண்ணியத்தில எனக்கு மீனும் இல்லை."

"நானா நிப்பாட்டினேன்? உன்ர அம்மாவைக் கேள்."

"என்ர அம்மாவா? உனக்கு ஆர் அவ, மாமியா?" சிரித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தாள். "இஞ்ச பார், ஒண்டு கேக்கிறன். பாதியில இறங்கிடு."

நான் ஊசியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன்.

"நீ முடிச்சா, வீட்டுக்கு வந்த உடன நான் எழும்பி நடந்து காட்ட வேணும். என்னால இனி ஏலாது. இந்த முறை உண்மையா ஏலாது."

"அம்மாட்ட அதைச் சொல்லன்."

"நான் ஏலாது எண்டா அது சோம்பல். நீ ஏலாது எண்டா எல்லாரும் கேப்பாங்க. நீ படிச்ச பிள்ளை."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஒழுங்கையில் பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓடுவதில்லை. வளர்ந்தபிறகு விடியற்காலைகளில் மரைன் டிரைவில் விழுந்து எழும்பிப் பழகியவள் நான். முடிப்பேன் என்று ஒபிஸ் முழுக்கச் சொல்லியிருந்தேன். எடுத்த எதையும் நான் பாதியில் விட்டதில்லை; அந்த ஒன்றை வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். "ஏலாது அக்கா," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் ஊசியைக் குத்தினேன். வெயில் பட்டால் அவளுடைய கால் இன்னும் மோசமாகும். ஆகவே நாளைக்கு வீதிக்கு வந்து பார்க்கவும் மாட்டாள்.

போகும்போது எல்லாம் நன்றாகவே இருந்தது. கடல் காற்று, காலிவீதியில் வாகனமில்லாத ஞாயிறு, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கத்துகிற ஒபிஸ் ஆட்கள். நீர்கொழும்பில் வாழைப்பழம் தந்தார்கள், படம் பிடித்தார்கள். திரும்பத் தொடங்கியபிறகுதான் வெயில் ஏறியது. காற்று நேர் முகத்தில் அடித்தது. பஸ்கள் ஹோர்ன் அடித்து என்னை வீதியின் ஓரத்துக்குத் தள்ளின. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். முதலில் "கமோன், கமோன்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். கடைசியில் வந்தவர்களுக்குக் கதைக்க மூச்சில்லை. வத்தளையில் எனக்குப் பின்னால் வேன் மட்டும்தான் வந்தது, ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற வேன்.

சாரதி கண்ணாடியை இறக்கிச் சிங்களத்தில் சொன்னார். "நங்கி, நகின்ன. லெஜ்ஜ வென்ன தெயக் நே." ஏறு தங்கச்சி, வெட்கப்பட ஒன்றுமில்லை என்கிறார்.

"தவ டிக்கய் அய்யே," என்றேன். இன்னும் கொஞ்சம்தான். அது பொய். வெள்ளவத்தை இன்னும் எங்கேயோ இருந்தது.

களனிப் பாலத்தில் ஏறும்போது தொடைகள் என்னுடையவையாக இல்லை. ஹேண்டிலில் அந்த மஞ்சள் முடிச்சு ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து அதையே பார்த்துக்கொண்டு உழக்கினேன். அக்கா கேட்டது அப்போது நினைவுக்கு வந்ததா என்றால், இல்லை. தண்ணீர், நிழல், தண்ணீர். வேறெதையும் யோசிக்க மூளையில் இடமிருக்கவில்லை.

அந்தோனியார் கோவிலுக்கு முன்னால், பூசை முடிந்து வந்த சனத்தை விலக்கிக்கொண்டு அம்மா வீதியோரத்துக்கு வந்தார். தலையில் சேலை முந்தானை, கையில் தேசிக்காய்த் தண்ணிப் போத்தல். காலையில் நான் போகும்போதும் அதே இடத்தில்தான் நின்றார். வீட்டுக்குப் போகவே இல்லை போல.

"இறங்காதே! இறங்காதே! இந்தா, ஓடிக்கொண்டே பிடி!"

போத்தலை நீட்டிக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடி வந்தார், செருப்பு ஒன்று கழன்றுபோக. பிடிப்பதற்காக ஒரு கையை எடுத்தேன். சைக்கிள் ஆடியது. காலை ஊன்றினேன். ஊன்றிய காலை மறுபடி பெடலுக்குத் தூக்கப் பார்த்தேன். அது வரவில்லை.

"அம்மா, ஏலாது."

"என்ன ஏலாது? இன்னும் கொஞ்சம்தானே மகள். மனசு வைச்சா ஏலும்."

அந்தச் சொல் என்னைப் பார்த்துச் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை. இவ்வளவு காலமும் பக்கத்துக் கட்டிலில் இருந்து கேட்டிருக்கிறேன். இவ்வளவு கனமென்று தெரியாது.

"மனசு இருக்கு அம்மா. கால்தான் இல்லை," என்று சொல்லிவிட்டு வீதியோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அக்காவுக்காக இறங்கினேனா, உடம்பு விட்டுப்போனதால் இறங்கினேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

அம்மா என்னை எழுப்ப வந்தவர்தான். என் கெண்டைக்கால் தானாகத் துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். குனிந்து அதில் கையை வைத்தார். தசை அவருடைய கைக்குள்ளும் துள்ளியது. அவர் கையை எடுக்கவில்லை. அழுத்தி நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை.

"இதை நிப்பாட்ட ஏலாதா உனக்கு?"

"ஏலாது அம்மா."

வேன்காரர் இறங்கி வந்து சைக்கிளைத் தூக்கினார். அம்மா மஞ்சள் முடிச்சை அவிழ்த்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். ஒரு ஓட்டோ பிடித்து இருவரும் வீட்டுக்குப் போனோம்.

அக்கா கட்டிலில் இருந்தபடியே எங்களைப் பார்த்தாள். ஒரு கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி எழும்ப ஆயத்தமானாள். நான் முடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

"இரு," என்றார் அம்மா. "அவள் முடிக்கேல்ல."

நான் அக்காவின் கால்மாட்டில் விழுந்து படுத்தேன். அவள் மெல்லக் காலை ஒதுக்கி இடம் விட்டாள். அம்மா ஃபேனின் வேகத்தைக் கூட்டினார், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

"பிள்ளை, உனக்கும் இப்பிடியா இருக்கும்? இவளுக்கு இருக்கிற மாதிரி?"

எத்தனையோ வருடமாக அக்கா காத்திருந்த கேள்வி. ஓம் என்று சொல்லியிருந்தால் போதும். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"இல்லை அம்மா. இவளுக்கு நாளைக்குப் போயிடும்."

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு குசினிக்குள் போனார்.

முடித்தவர்களுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். எனக்கு இல்லை. திங்கட்கிழமை ஒபிஸில் எல்லோருடைய மேசையிலும் அது இருந்தது. எனக்காகத் தந்தவர்கள் யாரும் தந்ததைத் திருப்பிக் கேட்கவில்லை; மருந்துக்குப் போக வேண்டியது போய்ச் சேர்ந்தது. ஆனாலும் உறுத்தல் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அக்கா சொன்னபடி கால் நோவு மட்டும் போய்விட்டது.

அந்த ஞாயிறு பின்னேரம் ஒழுங்கைக்குள் மீன்காரனின் சத்தம் கேட்டது. அம்மா எழும்பி, பல நாளாகக் கவிழ்த்து வைத்திருந்த மீன்சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அக்காவை எழும்பச் சொல்லவில்லை, எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

அக்கா படுத்தபடியே குரல் கொடுத்தாள். "அம்மா, பாரை இருக்கா எண்டு கேளுங்கோ. சாளை வேண்டாம், முள்ளெடுக்கக் களைக்கும்."

"சரி," என்றார் அம்மா வெளியே நின்று. "நான் எடுத்துத் தாறன்."