அக்கா கட்டிய தூளி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுவிட்டது. எந்த இடத்தில் எந்த ‘ர’ என்று இன்றும் தடுமாற்றம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. அதனால் எழுதுகிறேன்.

உலகச் சண்டைக் காலத்தில் வெளிதேசத்துக் கப்பல் நின்று, கடைகளில் ஜவ்வரிசி இல்லாமல் போனது. ராசிபுரத்துக்குப் பக்கம் எங்கள் ஊரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விளையும். புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் என் வீட்டுக்கு வந்திருந்த அக்கா, கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, அடியில் தங்கிய மாவில் ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தாள். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தாள். ஈர மாவைத் தாம்பாளத்தில் உள்ளங்கையால் உருட்டுவார்கள். ஒன்று கடுகு மாதிரி வரும், ஒன்று சுண்டைக்காய் மாதிரி வரும். சேலத்து மண்டிக்காரர் முகம் சுளித்துக்கொண்டே வாங்குவார்.

ஒரு நாள் அக்கா தன் பழைய வெள்ளைச் சேலையை விட்டத்தில் தூளியாகக் கட்டி, உதிர்த்த ஈர மாவை அதில் போட்டு ஆட்டினாள். மாவு தானாகவே உருண்டு திரண்டது. சலித்து வறுத்தால் எல்லாம் ஒரே அளவு. மண்டிக்காரர் வண்டியோடு வாசலுக்கே வந்தார். உள்ளே வந்து தூளியையும் ஆட்டிப் பார்த்தார்.

குழந்தை இல்லாத தூளியை எங்கள் பக்கம் ஆட்ட மாட்டார்கள். ஆட்டினால் குழந்தைகளுக்கு ஆகாது என்பார்கள். அதையும் ஒரு விதவை ஆட்டினால் சும்மா விடுவார்களா?

“ஏனம்மிணி, தூளியில ஆரு தூங்கறாங்க?” என்று எதிர்வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்று கேட்டாள்.

“எனக்குச் சோறு போடற புள்ளைங்க. கத்தாத, முழிச்சுக்கும்” என்றாள் அக்கா.

அந்த வாரம் தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. எங்களுக்கு மாமன் முறையான ஊர்ப் பெரியவர் வாசலில் வந்து நின்றார்.

“வெறுந்தூளிய ஆட்டி ஊருக்குக் கேட்டக் கொண்டாராத அம்மிணி. அவுத்துப் போடு.”

“உள்ள மாவு இருக்குதுங்களே மாமா, வெறுந்தூளி எப்படிங்க ஆகும்?”

“எதுத்துப் பேசாத!”

குழந்தை எழுந்து விளையாடியது. அதை ஒருவரும் பேசவில்லை. வேலைக்கு வந்த பெண்கள் மட்டும் நின்றுவிட்டார்கள். கனத்த தூளிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒரு பக்கம் ஆம்பிளை நான் பிடித்தேன். “ஏனுங்க, தாலாட்டும் பாடுவீங்களா?” என்று தெருவே சிரித்தது. நாங்கள் இருவர் செய்து முடிப்பதற்குள் பாதிக் கிழங்கு அழுகியது. மண்டிக்காரர் வருவதும் நின்றது.

காரணம் தை மாதத்தில் தெரிந்தது. ஊர் எல்லையில் அவரே ஷெட் போட்டுவிட்டார். உள்ளே சாக்குத் தூளிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. தேங்காய் உடைத்துப் பூசை செய்தது யார்? அதே பெரியவர்! “புது யுக்தி! ஊருக்கே நல்ல காலம்” என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அக்கா முன்னால் போய் நின்றாள். “ஏனுங்க மாமா, இந்தத் தூளியில எல்லாம் புள்ளைங்க படுத்திருக்குதுங்களா?”

“இது தொழிலு அம்மிணி. அது வேற.”

“எங்கூட்டுல நடந்தது மட்டும் என்னங்க, விளையாட்டுங்களா?”

மண்டிக்காரர் குறுக்கே வந்தார். “கோவிச்சுக்காதீங்க. இங்கயே வந்து சலிச்சுக் குடுங்க, கூலி போட்டுத் தாரேன்.”

“எந்தூளி எங்கூட்டுலயே ஆடட்டுங்க” என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தாள்.

அக்காவிடம் வேலை பழகிய பெண்கள் இருவரும் இப்போது அந்த ஷெட்டில். மண்டி அக்காவின் சரக்கைத் தொடுவதில்லை. அவளே கூடையில் சுமந்துபோய்ச் சந்தையில் விற்கிறாள்.

இன்று காலை ஷெட்டைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். வீட்டுக்குக் கிழங்கு ஏற்றிவந்த வண்டியை நிறுத்தி நானும் அங்கே நின்றேன். “இந்தத் தூளி நாமளே யோசிச்சுக் கண்டுபிடிச்சதுங்க” என்றார் மண்டிக்காரர். பெரியவர் தலையாட்டினார். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “அந்தப் பக்கம் புடி சாமி, மாவு காயுது” என்றாள் அக்கா. ஆட்டி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, உட்கார்ந்து இதை எழுதினேன்.

விரோதி வருடம், ஆவணி மாதம் பன்னிரண்டாம் தேதி.