யார் கொடுத்த வெற்றிலை?

குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிய அரசாங்கம் ஆள் அனுப்பிய காலம் அது. எங்கள் ஊருக்கு வந்தவர் ஒல்லி, நெட்டை, வேலைக்குப் புதுசு. நாற்றங்காலைப் பார்த்து அருகம்புல்லா என்று கேட்டவர். கேள்வி கேட்பதற்கு முன்பே பேனாவைத் திறந்துவிடுவார். முதல் வருஷம் மிராசுதார் வீட்டிலேயே உட்கார்ந்து, நான் குத்தகைக்கு உழும் நிலத்தைப் பண்ணை சாகுபடி, அதாவது மிராசுதாரே பயிர் செய்வது, என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பெயர் ஏறாதவனை நிலத்தை விட்டு எப்போது வேண்டுமானாலும் இறக்கிவிடலாம்.

மறு வருஷம் நடவன்று வந்தார். மிராசுதாரின் காரியக்காரர் குடையோடு பின்னால் ஓடி வந்தார்.

“பண்ணை சாகுபடிதான் சார், எழுதிக்குங்க.”

சர்க்கார் ஆள் பேனாவை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினார். முழங்கால் வரை சேறு வாங்கியது. நடவுப் பெண்கள் சிரித்தார்கள்.

“சாரையும் சேத்து நட்டுடுவோமா?”

“நடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இன்னிக்கு வெத்தல பாக்கு யாரு குடுத்தா?”

நடவாட்களுக்கு வெற்றிலை கொடுப்பவன்தான் எங்கள் பக்கம் சாகுபடிக்காரன். எல்லாக் கைகளும் என்னைக் காட்டின.

“இவருதான். பாக்குலதான் கொஞ்சம் கஞ்சம்!”

காரியக்காரர் குடையை மடக்கினார். சர்க்கார் ஆள் என் பெயரை எழுதினார்.

அவருக்குக் கை கொடுத்து வரப்பில் ஏற்றிவிட்டேன்.

“வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சுங்க. யாரைக் கேக்கணும்னு இப்பதான் புடிபடுது. போன வருஷம் எழுதுன ஊருக்கெல்லாம் திரும்பப் போயிட்டிருக்கேன்.”

“மேல உத்தரவா சார்?”

“அதெல்லாம் இல்லீங்க.”

சேற்றுக் காலோடு அடுத்த ஊருக்கு நடந்தார். யாரும் சொல்லாமல் ஒரு சர்க்கார் ஆள் ஏன் திரும்பி வந்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.