சிவப்பு லைட் எரிந்த வீடியோ கேம்

"ஆஃப் மட்டும் பண்ணிடாதம்மா!"

கடைக்குள் நுழைந்ததும் அவர் சொன்னது இதுதான். சிதம்பரம் மேலவீதியில் ஒரு செல்போன், வீடியோ கேம் சர்வீஸ் கடையில் நான் டெக்னீஷியன். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அப்போதெல்லாம் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். போய்விட்டால் என் கை சும்மா இருக்காது. ஸ்க்ரூக்களை டப்பா மாற்றி டப்பா கொட்டிக்கொண்டிருப்பேன். அன்றும் அப்படித்தான்.

வந்தவருக்குக் காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இடது கையில் மடக்கு மாடல் வீடியோ கேம், மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதாம். எந்த மூட்டையை முதலில் ஏற்றுவது, ஒரே படகில் யாரை எப்படிக் கரை சேர்ப்பது என்று நடைமுறைப் புத்தியைச் சோதிக்கும் புதிர்கள். கூடவே வந்த மைத்துனர்தான் இப்போது மில்லைப் பார்க்கிறார்.

"எம் புத்தி தெளிவா இருக்கான்னு சந்தேகம், இதுல எல்லாத்தையும் முடிச்சா மில்லு சாவியத் தரேன்னு மச்சான் சொல்லிட்டான். ஆஃப் பண்ணா மொதல்லேர்ந்து வருது. அதான் நேத்துலேர்ந்து ஆன்லயே வெச்சிருக்கேன்."

புரிந்துவிட்டது. செட்டில் செருகும் கேம் கேட்ரிட்ஜுக்குள் ஒரு பட்டன் செல் இருக்கும். ஆட்டத்தை எதுவரை முடித்தோம் என்பது அதன் தயவில்தான் நிற்கும். அது செத்துவிட்டது. செட்டிலும் சார்ஜ் தீரப் போகிறது, சிவப்பு லைட்.

"வா மாமா, பஸ்ஸு போயிடும்," என்றார் மைத்துனர் வாசலில் நின்றபடியே.

"கரண்ட் இல்லாம என்னாத்த பண்ணுவ? நாளைக்கு வரச் சொல்லு," என்றார் முதலாளி.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கடையின் எமர்ஜென்சி லைட்டைப் பிரித்தேன். உள்ளே ஆறு வோல்ட் பேட்டரி. இந்த செட்டுக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி, நடுவில் ஒரு டையோடு போட்டால் சரியாகிவிடும். ஒயரைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னுக்கும் கரண்ட் வேண்டுமே! ஒயர்களை முறுக்கி விரலால் அழுத்திப் பிடித்தேன். சிவப்பு பச்சையானது.

"கேட்ரிட்ஜக் கழட்டாம செல்ல எப்பிடி மாத்தறதுன்னுதான் தெரியல," என்று புலம்பினேன்.

"செல்லு யாரு கேட்டா? இன்னும் ஒன்னுதான் பாக்கி. உக்கார எடம் குடும்மா."

உட்கார்ந்தார். ஒரு இடத்தில் நிற்கத் தெரியாத நான், ஒயர் நழுவிவிடுமோ என்று மூச்சைக்கூட அளந்து விட்டேன். அவரோ நிதானமாக யோசித்தார், தப்பாகப் போட்டார், அழித்தார். பஸ்ஸுக்கு அவசரப்பட்ட மைத்துனர் மெல்ல உள்ளே வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"மாமா, அந்த மூட்டைய மொதல்ல..."

"வாய மூடு மச்சான்."

முடித்தார். திரையில் நட்சத்திரங்கள் கொட்டின. மைத்துனர் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உடனே அவர் செட்டை ஆஃப் செய்தார்.

"அய்யய்யோ, எல்லாம் அழிஞ்சிடுமே!" என்று கத்தினேன்.

"போவட்டும்மா. சாவி வந்துடுச்சில்ல."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். என்ன ரிப்பேர் என்று பார்ப்பது அப்புறம். முதலில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, வந்தவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.